பெட்ரோல் கூடியதா, காற்று குறைந்ததா?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே உப்பங்கழி விரிந்துவிடும். அங்கே வீசும் காற்று உதட்டில் கரிக்கும். போன மே மாதம் அந்தச் சாலையில்தான் என் பழைய புல்லட் திணறித் திணறி நின்றது. 1990களில் அப்பா வாங்கிய வண்டி. ஒரு வாரமாகவே சைலன்சரில் கரும்புகை, நிறுத்தினால் பெட்ரோல் வாடை, மைலேஜும் பாதிக்குப் பக்கமாக இறங்கியிருந்தது. இதில் ஒரு விநோதம். காலையில் முதல் உதையிலேயே கிளம்பிவிடும். சூடேறிய பிறகுதான் தகராறு.

“ஓவர் பெட்ரோல் அடிக்குது சார். கார்புரேட்டர் ஸ்க்ரூவுல கை வெச்சுடாதீங்க, முதல்ல பிளக்கைக் கழட்டுவோம்” என்றார், ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருடமாக இருக்கும் பெரியவர். கழற்றிய பிளக்கின் முனையை விரலால் தேய்த்தேன். சிம்னி விளக்கின் கண்ணாடியில் படிவதைப் போன்ற உலர்ந்த கரி, பொடியாக உதிர்ந்தது. பிசுபிசுப்பான ஈரக் கருப்பாக இருந்திருந்தால் எஞ்சினுக்குள் ஆயில் ஏறுகிறது என்று அர்த்தம். அது வேறு வைத்தியம். உலர்ந்த கரி என்றால் எரிய வேண்டிய பெட்ரோலுக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்கவில்லை.

எவ்வளவு காற்று போதும்? 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கும்: 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் அளந்தால் 450 கேன். வண்டி குடிப்பதில் பெரும்பங்கு காற்றுதான். நாமோ மைலேஜ் குறைந்ததும் பெட்ரோலைத்தான் சந்தேகப்படுகிறோம்.

இந்த விகிதத்தைக் காப்பாற்றும் கார்புரேட்டருக்குள் மூளை எதுவும் இல்லை. காற்றுப் பாதை ஓரிடத்தில் குறுகுகிறது. அங்கே காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மெல்லிய துளை வழியாக மேலே இழுபட்டுத் தூவலாகக் கலக்கிறது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய தூவல் முறையின் அடிப்படை இதுதான். காற்று எவ்வளவு அடர்த்தியானது என்று இதற்குத் தெரியாது. அதனால்தான் சமவெளிக்குச் சரிசெய்த வண்டி, 2,240 மீட்டர் உயர ஊட்டிக்குப் போனால் மெல்லிய காற்றில் அதிகப் பெட்ரோலைக் கலந்து புகைக்கும். நம் கடற்கரையின் மே மாத வெக்கையும் புழுக்கமும் கலவையில் பெட்ரோலின் பங்கைச் சற்றே கூட்டும். ஆனால் என் வண்டி கக்கிய புகைக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பெரியவர் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தார். சாலைப் புழுதி அப்பிக் கிடந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் இழுப்பதை நிறுத்துவதில்லை. வெளிக்காற்று வர வழியில்லாததால், அந்த இழுப்பெல்லாம் பெட்ரோல் துளையின் மேல் விழுகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தோம். புகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்தது சோக். காற்றை மறைக்கும் தகடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வகைக் கார்புரேட்டரில் அது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளஞ்சர். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அதைத் தூக்கினால் கூடுதல் பெட்ரோலுக்குத் தனி வழி திறக்கும். இறக்கினால் அடியிலுள்ள ரப்பர் உட்கார்ந்து வழியை மூடும். என் வண்டியில் லீவர் இறங்கித்தான் இருந்தது. பிளஞ்சரை வெளியே எடுத்தால், பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்ததைப் போல அரிப்பு. உள்ளே அது பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. ரப்பரும் காய்ந்து விளிம்பு வெடித்திருந்தது. சூடேறிய பிறகும் வண்டி சோக் போட்டபடியேதான் ஓடிக்கொண்டிருந்தது! காலையில் ஒரே உதையில் கிளம்பியதன் ரகசியமும் இதுதான்.

அதோடு விடாமல் கிண்ணத்தையும் கழற்றினார். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டச் சொன்னார். உள்ளே சலசலப்பு கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது என்று பொருள். கனத்த ஃப்ளோட் மிதக்காது, கிண்ணம் நிரம்பி வழியும். என்னுடையதில் சத்தமில்லை. பெட்ரோல் வரத்தை அடைக்கும் குட்டி ஊசியின் கூம்பு முனையில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். வளையமாகத் தேய்ந்திருந்தால் நகம் தட்டும். தட்டவில்லை. அதற்கும் பிறகுதான் பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் நீடிலின் கிளிப், ஜெட் துளையின் தேய்மானம் எல்லாம்.

வேகம் குறைவாக இருக்கும்போது திணறுகிறதா, பாதி ஆக்சிலேட்டரிலா, முழுதாகத் திருகினாலா என்று பார்ப்பதும் அவசியம். முதலாவது ஸ்லோ ஜெட்டின் பொறுப்பு, நடுவில் நீடில், கடைசியில் மெயின் ஜெட். இந்த விசாரணை எதுவும் இல்லாமல் ஸ்க்ரூவைத் திருகுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நின்றிருக்கும்போது ஓட்டம் சீராகிவிடும். நோய் உள்ளேயே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக வரும். மூடிய ஷெட்டில் அது ஆளையே கொல்லும்.

கேளம்பாக்கம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலைநகரில், ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்து 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனம் கார்புரேட்டர்களை வார்த்துக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பழைய வண்டிக்கு அந்த சென்சார், பிளக்கைப் படிக்கத் தெரிந்த கண்தான்.

புது ஃபில்டர், பிளஞ்சருக்குப் புது ரப்பர், அரித்த பகுதிக்கு நைஸ் எமரி. ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. மூன்று நாள் கோவளத்துக்கும் வீட்டுக்குமாக ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். முனை பனங்கற்கண்டு நிறத்தில் இருந்தது.