எவர்சில்வர் முயலுக்குள் ஓர் அறை

கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு பொம்மை முயலின் விலை 9 கோடியே 10 லட்சத்து 75 ஆயிரம் டாலர் என்றால் நம்புவீர்களா? 2019 மே 15 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அந்த விலைக்குத்தான் போயிற்று! உயிருடன் இருக்கும் எந்தக் கலைஞரின் படைப்பும் அதற்குமுன் ஏலத்தில் இவ்வளவு பெற்றதில்லை. அமெரிக்கரான ஜெஃப் கூன்ஸ் 1986-இல் உருவாக்கியது. காற்றடைத்த பொம்மையின் வடிவத்தை எவர்சில்வரில் வார்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றியது. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம்.

அதன் எதிரே நின்றால் வெறுமையான அந்த முகத்தில் நீங்கள் தெரிவீர்கள். உங்கள் பின்னாலுள்ள சுவர், விளக்கு, கதவு எல்லாம் தெரியும். அத்தனையும் சின்னத் தலைக்குள் எப்படி அடங்கின?

அந்தத் தலை ஒரு குவி ஆடி. பொருள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதன் மாய பிம்பம் ஆடிக்கும் குவியத்துக்கும் இடையில்தான் தோன்றும். வளைவு ஆரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குவியத் தூரம் அதில் பாதி, அதாவது 7.5 செ.மீ. நேர் எதிரே 3 மீட்டர் தள்ளி நிற்கும் உங்கள் பிம்பம், பரப்புக்குப் பின்னால் சுமார் 7.3 செ.மீ.யில் இருக்கும். நீங்கள் 160 செ.மீ. உயரமானால் பிம்பம் 4 செ.மீ.கூட இராது!

விலையைப் பற்றிக் கலை ரசிகர்கள் சண்டையிடட்டும். பிம்பத்தைச் சோதிக்கப் பளபளப்பான குழிக்கரண்டியின் முதுகே போதும். விரலை அதன் அருகிலிருந்து மெல்ல விலக்குங்கள். பிம்பம் சிறுத்துக்கொண்டே போகும், ஒருபோதும் தலைகீழாகாது. கரண்டியைத் திருப்பிக் குழிந்த பக்கத்தில் உங்கள் முகத்தைப் பாருங்கள், என்ன ஆகிறது?