காலால் ஏறிய மலையும் கம்பியில் ஏறிய மலையும்

டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி நாற்பது நாள் காஷ்மீரத்தை ஆட்டிப்படைக்கும் ‘சில்லாய் கலான்’ என்னும் கடுங்குளிர்ப் பருவத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து புறப்பட்டு வரும் மேகங்கள் அந்நாட்களில் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதிக் குவித்துவைக்கும் பனியின்மீது, கால்களில் நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குகிறவர்களைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன். மேட்டுநிலம் என்ற ஒன்றைக் காண்பதற்கே வல்லத்துக்குப் போக வேண்டியிருக்கிற தஞ்சைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்று உலகமெங்கும் நடக்கும் பனிச்சறுக்குப் பந்தயங்களுக்கு விதி வகுத்தவர் நம் சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர். இவ்விளையாட்டில் இப்போது நடக்கும் பெரிய வழக்கின் இரு தரப்பும் அவர் ஒருவருடைய வாழ்க்கையிலேயே அடங்கியிருந்தன.

வழக்கு இதுதான். மலைச்சரிவில் இயந்திரத்தை நாட்டி, கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியிலோ கூண்டிலோ மனிதரை உச்சிக்கு ஏற்றிவிட்டு, இரவோடிரவாக உருளை வண்டிகளால் அழுத்திச் சமன் செய்த பாதையில், கயிறும் கொடியும் காவலரும் எல்லை காட்ட, ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை இறங்குவது ஒரு வழி. கட்டைகளின் அடியில் பின்னோக்கி வழுக்காத ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு, மனித வாசனையற்ற சரிவில் அடிமேல் அடிவைத்து மூன்று நான்கு மணி நேரம் ஏறி, அன்றைக்கு விழுந்த பொடிப்பனியில் முழங்கால் புதைய ஒரே ஒரு முறை இறங்கி வருவது மற்றொரு வழி. முன்னதைச் செய்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று பின்னவர்கள் சொல்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் பித்தர்கள் என்று முன்னவர்கள் பதிலுக்குச் சொல்கிறார்கள். இரண்டு வசைகளுமே நியாயமற்றவை என்பது என் எண்ணம்.

மன்னார்குடியில் பின்லே பள்ளிக்கூடத்தை நடத்திய வெஸ்லியன் மிஷனை நம் பக்கத்தவர் அறிவார்கள். அந்த மிஷனைச் சேர்ந்த வைத்தியராக 1880-களின் பிற்பகுதியில் திருவள்ளூருக்கு வந்தவர் ஹென்றி லன். அவருடைய மூத்த மகன் ஆர்னால்டு 1888 ஏப்ரலில் சென்னையில் பிறந்தார். உடல்நலம் குன்றியதால் தகப்பனார் விரைவிலேயே குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். அங்கே கிறிஸ்தவ சபைகளை ஒன்றுபடுத்த வேண்டும் என்ற ஆவலில், 1892-இல் சுவிட்சர்லாந்திலுள்ள கிரிண்டல்வால்டு என்ற மலையூரில் மகாநாடு கூட்டினார். பாதிரிமார்களுக்கு ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் ஏற்பாடு செய்யப் போய், அதுவே பெரும் பிரயாண வியாபாரமாக வளர்ந்துவிட்டது. கோடைக்கு மட்டுமே பெயர்போயிருந்த ஆல்ப்ஸ் மலைக்குக் குளிர்காலத்திலும் ஜனங்களை அழைத்துச் சென்றவர்களில் அவர் முக்கியமானவர். மியூரன் என்ற சிற்றூருக்குக் குளிர்காலத்திலும் ரயில் ஓடவேண்டும் என்று வாதாடி 1910-11 பருவத்தில் அதைச் சாதித்தவரும் அவரே. இன்றைய பனிச்சறுக்கு விடுதிகளுக்கு வித்திட்டவர்களில் ஒருவர் திருவள்ளூரில் மருந்து கொடுத்த மிஷனரி என்பது, நம்மவர் அதிகம் அறியாத செய்தி.

மகன் ஆர்னால்டு, 1922 ஜனவரியில் அதே மியூரனில் கொடிக்கம்புகளை நட்டு, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து யார் விரைவில் இறங்குகிறாரோ அவரே வென்றவர் என்று ‘ஸ்லாலம்’ பந்தயத்தைப் புதிய முறையில் நடத்தினார். அதுவரை திருப்பத்தின் அழகுக்கு மதிப்பெண் கொடுத்துவந்த வழக்கத்தைக் கடிகாரத்தால் மாற்றிவிட்டார். 1931-இல் மியூரனில் முதல் உலகப் பந்தயம். 1936-இல் ஒலிம்பிக்கில் இடம். காஷ்மீரத்துக் குல்மார்க் பக்கத்து வாலிபர் ஆரிப் கான், 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்றபோது, அவர் இறங்கிய இரண்டு பந்தயங்களும் இந்த மரபில் வந்தவையே.

இவ்வளவையும் பார்த்து, ஆர்னால்டு லன் வகுத்த பாதையில் மட்டும் சறுக்கியவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1909-இல் வேல்ஸ் நாட்டுப் பாறையொன்றிலிருந்து விழுந்து ஒரு கால் எலும்பு நொறுங்கி, அந்தக் கால் சில அங்குலம் குட்டையாகிப் பல ஆண்டுகள் புண் ஆறாமலிருந்த நிலையில், 1917-இல் ஜோசப் குனூபல் என்ற வழிகாட்டியுடன் 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்துக்குச் சறுக்குக் கட்டைகளுடன் முதன்முதலில் ஏறிச்சென்றவர் அவர். பனியின் குணபேதங்களைப் பற்றியும் பனிச்சரிவின் காரணங்களைப் பற்றியும் ஒரு சாஸ்திரி சுவடியை ஆராய்வதுபோல் ஆராய்ந்து எழுதியவரும் அவர்தான். இயந்திரம் ஏற்றிவிட்ட மனிதர் வேறு, தானாக ஏறிய மனிதர் வேறு என்ற பிரிவினை அவரிடம் இல்லை.

இயந்திரத்தின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சன் வேலி என்ற இடத்தில் 1936-இல் முதல் நாற்காலித் தூக்கியை அமைத்த ஜிம் கர்ரன் என்ற ரயில்வே எஞ்சினியர், கப்பல்களில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டி ஏற்றும் யந்திரத்தைக் கண்டு பழகியவர். தாருக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று யோசித்தார். காவிரிக் கரை வாழைத்தோட்டக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனிக் குல்மார்க். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள இந்தப் புல்வெளியிலிருந்து கொங்டூரிக்கு 1998-இலும், அங்கிருந்து அபர்வாத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கு 2005-இலும் கம்பிவடக் கூண்டுகள் ஓடத் தொடங்கின. ஐரோப்பிய விடுதியில் கூண்டிலிருந்து இறங்குகிறவர் பெரும்பாலும் பராமரித்த பாதையில்தான் கால் வைப்பார். இங்கோ, மேல் நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள கிண்ணம் போன்ற சரிவு ஒன்றைத்தான் காவலர் கண்காணிக்கிறார்கள். இருபுறமும் கயிற்றைத் தாண்டினால் யாரும் தொடாத காட்டுப்பனி. மூன்று மணி நேரம் ஏறிச் சேரவேண்டிய இடத்துக்குச் சில நிமிஷங்களில் மனிதரைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது இயந்திரம். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் கற்றிருக்க வேண்டியதை மட்டும் அது கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

கற்க வேண்டியது என்ன? கோடையில் கொள்ளிடக் கரை இடிந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு வெள்ளமும் விட்டுப்போன வண்டலும் மணலும் வரிவரியாகத் தெரியும். மலைச்சரிவின் பனியிலும் அப்படியே ஒவ்வொரு புயலும் தன் அடுக்கை எழுதி வைத்திருக்கிறது. டிசம்பரில் மெல்லிதாக விழுந்த பனி, மேகமற்ற கடுங்குளிர் இரவுகளில் தன் பசையை இழந்து சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன் மேல் ஜனவரிப் புயல் ஒரு முழ உயரத்துக்குப் புதுப்பனியைக் கொட்டிக் காற்றும் இறுக்கிவிட்டால், மேலே பார்ப்பதற்கு ரம்மியமான வெண்பட்டு, கீழே பிடிமானமற்ற உதிரி. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் எடை பட்ட க்ஷணத்தில் அடிப்படலம் முறிந்து, சரிவு முழுவதும் பலகையாகப் பெயர்ந்து ஓடும். உயிர்ச்சேதம் நேர்ந்த பெரும்பாலான பனிச்சரிவுகளை உண்டாக்கியவர்கள் அதில் சிக்கியவர்களே, அல்லது அவர்களுடைய தோழர்களே.

ஆகையால் அறிந்தவர்கள் முதலில் மண்வெட்டியை எடுக்கிறார்கள். சரிவில் குழி வெட்டி, ஓரடி அகலத்துக்கு ஒரு பனித்தூணை மூன்று புறமும் விடுவித்து நிறுத்துகிறார்கள். அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. நான்காவது ஐந்தாவது தட்டிலேயே தூண் நடுவில் வழுக்கித் தனியே வந்துவிட்டால், அன்றைக்கு அந்தச் சரிவில் இறங்க அவர்கள் துணிவதில்லை; எவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தாலும் வந்த வழியே திரும்புகிறார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் ரேடியோக் குறி அனுப்பும் கருவி, பையில் நீளக்கோலும் மண்வெட்டியும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்குப் பின் நம்பிக்கை வேகமாகக் குறையும் என்பதால், ஊரிலிருந்து வரும் மீட்புப்படையை நம்பியிராமல் உடன் வந்தவர்களே காப்பாற்றியாக வேண்டும்.

2010 பிப்ரவரியில் குல்மார்கில் பயிற்சியிலிருந்த ராணுவத்தார் பதினேழு பேரைப் பனிச்சரிவு கொண்டுபோயிற்று. மலைப்போர் கற்பவர்களுக்கே அந்தக் கதி. 2023 பிப்ரவரி முதல் தேதி ஹபத்குட் சரிவில் போலந்து நாட்டார் இருவர். மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். இதைச் சொல்லிக் கூண்டை நிறுத்திவிட வேண்டும் என்று வாதிக்க நான் வரவில்லை. முழங்கால் தேய்ந்த முதியவரும் பள்ளிச் சிறுமியும் அபர்வாத்தின் தோளில் நின்று, நாள் தெளிவாயிருந்தால் தொலைவில் நங்க பர்வதத்தைத் தரிசிக்கக் கூண்டு ஒன்றே வழி. அந்தப் பேற்றை அவர்களிடமிருந்து பறிப்பது பாவம். ஆரிப் கானைப் போன்ற ஒரு பந்தய வீரர் ஒரே சரிவில் நூறு முறை இறங்கிப் பழகவும் தூக்கி வேண்டும். ஆனால் கயிற்றைத் தாண்டிப் போக விரும்புகிறவர், அதற்கு முன் ஒரு பருவமாவது கூண்டைத் தொடாமல், கொங்டூரிக்குக் கீழேயுள்ள காட்டுச் சரிவுகளில் தம் காலால் ஏறி, தம் கையால் குழி வெட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அங்கே அதைக் கற்றுத்தர ஆள் இல்லாமலில்லை. இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிலகம் 1960-களின் கடைசியிலிருந்து குல்மார்கில் இருந்துவருகிறது. அடிவாரத்துத் தங்மார்க் கிராமங்களில் பிறந்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் உழைக்கும் இளைஞர்கள், எந்த ஓடையில் எந்தக் காற்றுக்குப் பிறகு பனி பெயரும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். வெளிநாட்டவர் எவரையும்விட அந்த மலையைப் படிக்கத் தெரிந்த அவர்களுக்கு நிரந்தர உத்தியோகமும், நல்ல கருவிகளும், ‘இன்று போகக்கூடாது’ என்று சொல்லும் அதிகாரமும், அப்படிச் சொன்ன நாளுக்கும் குறையாத கூலியும் கொடுக்க வேண்டும்.