பெயர் 3060, உள்ளே இருப்பது எது?

அக்கா மகன் இலஞ்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். வேலை முடிந்தால் ராத்திரி கேம். போன வருடம் சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான், ஆர்டிஎக்ஸ் 3060. "12 ஜிபி மாமா!" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினான். பெட்டியின் ஓரத்தில் 8 ஜிபி என்று சின்னதாக அச்சாகியிருந்தது. கடைக்குப் போன் போட்டால், "ரெண்டும் 3060 தானே அண்ணாச்சி, மெமரி மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார்கள்.

குறைந்தது மெமரி மட்டும் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த 3060-இல் 12 ஜிபி மெமரி, அதற்கு 192 பிட் பாதை. நொடிக்கு 360 ஜிபி தரவு ஓடும். 2022 கடைசியில் அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டில் பாதை 128 பிட், ஓட்டம் 240 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இது முதல் தடவையும் இல்லை. இந்தச் சிப்புகளைச் செய்யும் என்விடியா நிறுவனம் 2018-இல் ஜிடி 1030 கார்டை மலிவான மெமரியோடு அதே பெயரில் விட்டது. வேகம் 48 ஜிபியிலிருந்து சுமார் 17-க்கு இறங்கியது. ஜிடிஎக்ஸ் 970-இல் 4 ஜிபி என்று போட்டிருந்தாலும் கடைசி அரை ஜிபி ஆமை வேகம். அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தருவதாக 2016-இல் என்விடியா சமரசத்துக்கு வந்தது.

நடுத்தர விலைக் கார்டு எதுவானாலும் ஒரு கையில் கொடுத்து மறு கையில் எடுத்துக்கொள்ளும். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ஐப் பாருங்கள். 115 வாட்தான் இழுக்கும். பழைய 3060-க்கு 170 வாட். கரண்டு மிச்சம், சூடு குறைவு, இடையில் பொய்ப் பிரேம்களைச் செருகி ஓட்டத்தைக் கூட்டும் வித்தையும் உண்டு. ஆனால் மெமரி 8 ஜிபி, பாதை 128 பிட். இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லவே மாட்டார்: மதர்போர்டோடு பேச 16 தடம் இருக்கும் இடத்தில் இது 8 தடத்தைத்தான் பயன்படுத்தும். புது போர்டில் தெரியாது. ஆறேழு வருடப் பழைய போர்டில், மெமரி நிரம்பும் நேரத்தில், கேம் திக்கித் திக்கி ஓடும். 2025-இல் வந்த 5060-இல் மெமரி வேகம் கூடியது. அளவு அதே 8 ஜிபி. 1080பி திரையில் விளையாடுபவருக்கு இவை போதும் என்பேன். 4கே வீடியோ வெட்டுபவர் 12 அல்லது 16 ஜிபிக்குக் குறைந்து வாங்கினால் இரண்டாம் வருடமே வருத்தப்படுவார்.

பழைய கார்டு வாங்குவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியதும், அதுவரை அதைத் தோண்டி எடுக்க இரவு பகலாகச் சுரங்க வேலை பார்த்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. கழுவித் துடைத்தால் புதிதுபோலவே தெரியும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஏற்றிய போலிகளும் உண்டு. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சிப், மெமரி, பாதை எல்லாம் தெரியும். போலி என்று கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே எச்சரிக்கும். காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதை.

நம் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் நமக்குச் சுகம், கார்டுக்கு இல்லை. கேபினெட்டின் பின்பக்கம் தெரியும் தகரத் தகடுதான் முதலில் துருப்பிடிக்கும். பல நிறுவனங்களின் வாரண்டி நிபந்தனையில் துருவும் நீர்த்தடமும் விலக்கு. மேற்கு ஜன்னலோரம், ஈரத் தரையில் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். சீசனில் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள், அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். வாங்கிய அன்றே தகட்டையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாரண்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் தராமல் இருப்பதே அதன்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதிப் போட்டாலும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆன்லைனில் வாங்கினால் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழில் பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பொதிகை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கார்டுக்கும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். வீட்டிலிருந்தே இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். 'சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று' என்ற புகாருக்குச் சோதனைக்கூடம் வேண்டாம், காகிதம் போதும்.

தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டோமோ என்று மருமகன் பயந்தான். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைப்பவர் நுகர்வோர்தான். ஆனால் முகம் தெரியாத தனிநபரிடம் ஆப் மூலம் பழைய கார்டு வாங்கினால் அவர் வணிகர் இல்லை. இந்தச் சட்டத்தில் அவரைப் பிடிப்பது கஷ்டம்.

மருமகனின் பில்லில் "கிராபிக்ஸ் கார்டு – 1" என்று மட்டும்தான் இருந்தது. மாடல் இல்லை, மெமரி இல்லை, சீரியல் எண் இல்லை. அவனைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். விலை கேட்டபோது கடையிலிருந்து வந்த செய்தியில் "3060 12ஜிபி" என்று இருந்தது. அதைக் காட்டி, ஆணையத்துக்குப் போவோம் என்று எழுதி அனுப்பியதும் நாலாம் நாள் கார்டை மாற்றித் தந்தார்கள்.

நீங்கள் வாட்ஸ்அப்பை நம்பி இருக்காதீர்கள். முப்பதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுப்பதற்கு முன், கார்டின் முழு மாடல் பெயர், மெமரி அளவு, சீரியல் எண், வாரண்டிக் காலம் நான்கையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.