குழாய்ச் சத்தமும் கர்த்தரின் சத்தமும்

தாராவியில் தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குழாய் ஒருமுறை செருமும். உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறும் ஓசை அது. பக்கத்து வீட்டு டிவி, மாடியில் ஓடும் தையல் மெஷின், சந்தில் திரும்பும் டெம்போ எதற்கும் அசையாமல் தூங்குகிற அம்மா, அந்தச் செருமலுக்கு மட்டும் எழுந்து குடத்தைத் தேடுவாள். ஊரிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிக்கு அது கேட்கவே கேட்காது. காதில் குறை ஒன்றுமில்லை, பழக்கம்தான் இல்லை.

முழு இரவு ஜெபத்துக்குப் போகும் விசுவாசிகளிடம், “கர்த்தர் பேசினார் என்கிறீர்களே, எப்படித் தெரியும்?” என்று கேட்டால் கிட்டத்தட்ட இதே விளக்கம்தான் வரும். அவர் பேசிக்கொண்டேதான் இருக்கிறார், காத்திருந்து காத்திருந்து நமக்குத்தான் அந்தச் சத்தம் பழக வேண்டும் என்பார்கள். தாராவியின் பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள் பெரும்பாலும் ஏணி மாதிரிப் படி ஏறிப் போகிற ஒற்றை அறைகள். இரவு துதியும் பாட்டுமாகத் தொடங்கும். விண்ணப்பம், அழுகை, புரியாத சொற்களாக ஓடும் அந்நியபாஷை என்று ஏறிக்கொண்டே போய், ஊர் அடங்கிய பிறகு யாராவது ஒருவர் கண்ணை மூடியபடி தீர்க்கதரிசனம் சொல்வார். வந்து உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் அது நடந்து நான் பார்த்ததில்லை. இத்தனை மணி நேரம் ஏன் பிடிக்கிறது?

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர். மும்பைக்கு அந்நியர் அல்ல. இங்குள்ள பார்சிகளைப் பற்றி 1996இல் ஒரு நூல் எழுதியவர். பிறகு சிகாகோவிலும் கலிஃபோர்னியாவிலும், கடவுளோடு நேருக்கு நேர் பேசுவதாகச் சொல்லும் சபைகளில் வருடக்கணக்கில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அதே கேள்வியோடு சென்னைச் சபைகளுக்கும் வந்தார்.

வெறும் பேட்டிகளோடு அவர் நிற்கவில்லை, ஒரு சோதனையும் வைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரு சாராருக்குச் சுவிசேஷக் காட்சிகளை மனக்கண்ணில் கொண்டுவந்து, அதற்குள் நுழைந்து இயேசுவோடு பேசும் ஜெபம். இன்னொரு சாராருக்கு அதே சுவிசேஷங்களைப் பற்றிய விரிவுரை. இரு சாராருக்கும் தினம் அரைமணி நேரம், வாரம் ஆறு நாள், நான்கு வாரம். முடிவில் ஜெபித்தவர்களின் மனக்காட்சிகள் கூர்மையாகியிருந்தன. யாரோ பெயர் சொல்லி அழைத்தது போல, அருகில் யாரோ நிற்பது போல உணர்ந்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. கதையிலோ இசையிலோ தன்னை மறந்து ஆழ்ந்துபோகும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் கைகூடியது. பாட்டுக் கற்பதில் குரல்வளமும் வேண்டும், சாதகமும் வேண்டும் என்பதுபோலத்தான். இது மனநோயில் கேட்கும் குரலும் அல்ல. இவர்களுக்குக் கேட்பது எப்போதோ ஒருமுறை, ஓரிரு வார்த்தை, அதில் பயமும் இல்லை.

டென்மார்க்கில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குள் இன்னும் ஒரு அடி போனது. தீவிர விசுவாசிகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போது வேலை செய்கிற மூளைப்பகுதிகள் அப்போது சுறுசுறுப்பாயின. சாண்டா கிளாஸிடம் ஏதாவது கேளுங்கள் என்றபோது அவை அந்த அளவுக்கு அசையவில்லை. பேசுகிறவரின் மூளையைப் பொறுத்தவரை, ஜெபம் ஓர் ஆளோடு நடக்கும் உரையாடல். கடவுளோடு ‘நெருக்கம்’ என்று சபையில் சொல்வது வெறும் உவமை அல்ல என்று இதை வைத்துத் துணிந்து சொல்லலாம். எதிரில் இருப்பது யார் என்பதை மட்டும் எந்த ஸ்கேனும் சொல்லாது. சொன்னதாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

அந்நியபாஷைக்கும் படம் எடுத்திருக்கிறார்கள். 2006இல் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு ஐந்து பெண்களை, பாடும்போது ஒருமுறை, அந்நியபாஷையில் பேசும்போது ஒருமுறை பரிசோதித்தது. பாஷை ஓடும்போது நெற்றிப் பக்க மூளைக்கு இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. ‘இதை நான்தான் செய்கிறேன்’ என்ற பிடி இருக்கும் பகுதி அது. “நான் பேசல, ஆவியானவர் பேசுறார்” என்று அவர்கள் சொல்வது நடிப்பல்ல, அனுபவத்தின் நேர்மையான வர்ணனை. ஐந்தே பேர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

விடாமல் ஜெபித்தால் என்ன நேரும் என்பதற்கு மும்பைக்குப் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. புனே தாண்டி சோலாப்பூர் போகும் ரயில் பாதையில் கேட்காவ் என்றொரு ஊர். பண்டித ரமாபாய் அங்கே தான் நடத்திய முக்தி மிஷனில், 1905 ஜனவரியில், ஆவிக்குரிய எழுப்புதலுக்காகத் தினமும் ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். சுமார் 70 பெண்கள் வந்தார்கள். ஜூனுக்குள் 550 பேர், நாளைக்கு இரண்டு வேளை. அந்த மாதக் கடைசியில் அழுகையும் தரிசனமுமாக எழுப்புதல் வெடித்தது. உலகப் பெந்தெகொஸ்தேக்காரர்கள் தங்கள் தொடக்கம் என்று கொண்டாடும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெரு நிகழ்ச்சி 1906 ஏப்ரலில்தான். தமிழருக்கு இது இன்னும் பழைய கதை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற ஊழியரின் சபையில் 1860இலேயே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் கேட்டன. தாராவித் தமிழர் பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமை அங்கிருந்து தூரமில்லை.

வந்த எண்ணம் தன்னுடையதா, கர்த்தருடையதா என்று பிரிப்பதற்கும் சபையில் முறை வைத்திருக்கிறார்கள். நான் யோசிக்காதது திடீரென்று வந்ததா? வேதத்துக்கு ஒத்திருக்கிறதா? மனதில் சமாதானம் இருக்கிறதா? இன்னொருவருக்கும் அதே வார்த்தை வந்ததா? லூர்மன் அமெரிக்காவில் குறித்துவைத்த பட்டியலும் ஏறக்குறைய இதுதான். இந்தச் சல்லடையில் எனக்கு ஒரு ஓட்டை தெரிகிறது. நிறைவேறிய தீர்க்கதரிசனம் ஞாயிற்றுக்கிழமை சாட்சியாக மேடை ஏறுகிறது. நிறைவேறாததற்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. இதை ஜெபவீட்டில் ஒரு பாட்டியிடம் சொன்னேன். “நெறவேறலன்னு யாரு சொன்னா? இன்னும் நேரம் வரல தம்பி” என்றார். சொல்லும்போதே அவர் காது வேறெங்கோ போயிருந்தது. கீழே குழாய் செருமியிருந்தது, எனக்குக் கேட்கவில்லை.