கரூர் தீர்ப்பும் லாட்ஜ் வைத்தியரும்

கரூரைச் சேர்ந்த ஒரு கணவர் விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போனார். மனைவி மீது அவர் அடுக்கிய புகார்களில் ஒன்று, அவர் சுய இன்பம் அனுபவிக்கிறார் என்பது. குடும்ப நல நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கணவர் விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், ஆர். பூர்ணிமா ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. மனைவி சுய இன்பம் அனுபவிப்பது கணவருக்கு இழைக்கும் கொடுமை ஆகாது என்றது தீர்ப்பு. ஆண்கள் செய்வதை உலகமே இயல்பு என்று ஒப்புக்கொள்ளும்போது, அதையே ஒரு பெண் செய்தால் களங்கம் கற்பிக்க முடியாது; திருமணம் ஆனாலும் பெண்ணின் அந்தரங்கம் அவளுக்கே உரியது என்றும் சொன்னது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டார்கள். அந்த உரிமை படுக்கையறை வரைக்கும், ஒரு பெண்ணின் தனிமை வரைக்கும் வரும் என்று தமிழ்நாட்டு நீதிமன்றம் ஒன்று வெளிப்படையாக எழுதியது பெரிய விஷயம். ஆனால் இந்தத் தீர்ப்பு வந்த அதே ஊர்களில், பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில் இன்னொரு தீர்ப்பு பல காலமாக ஒட்டப்பட்டிருக்கிறது.

‘வாலிப, வயோதிக அன்பர்களே!’ என்று தொடங்கும் அந்த விளம்பரத்தைப் படிக்காத தமிழர் குறைவு. இளம் வயதில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா, கன்னம் ஒட்டிவிட்டதா, உறுப்பு சிறுத்துவிட்டதா, திருமணத்துக்கு லாயக்கில்லை என்ற பயமா என்று அது கேட்கும். கீழே ஊர்ப் பெயர், தேதி, லாட்ஜ் பெயர், அறை எண். மாதம் ஒரு நாள் வைத்தியர் வந்து தங்குவார். உள்ளே போகிற பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். வெளியே வரும்போது கையில் லேகிய டப்பா, பெயர் எழுதாத பொட்டலங்கள், பணம் போன பர்ஸ். இப்போது இதே வியாபாரம் யூடியூப்பிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. பார்சல் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

இந்தப் பயத்துக்கு ஒரு பின்னணி உண்டு. சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகப் பிரிக்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியாகச் சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஒன்றிலிருந்து ஒன்று விளைவதாகச் சொல்லப்படும் வரிசையில் விந்து கடைசிப் படியில் நிற்கிறது. அதனால்தான் ‘ஒரு துளி விந்து, இத்தனை துளி ரத்தம்’ என்ற கணக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு எண்ணில் சொல்லப்படுகிறது. விந்து வீணாவதாலேயே உடல் உருகுகிறது என்று நம்பி வந்த நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக், 1960இல் அந்த நிலைக்குத் ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டார். அசதி, படபடப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தன. அவற்றுக்குக் காரணம் போன விந்து அல்ல, பயம்.

உடலுக்குள் நடப்பது இதுதான். ஒருமுறை வெளியேறும் விந்து பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். அதில் விந்தணுக்கள் நூற்றில் சில பங்குதான். மீதியெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தரும் திரவம். தண்ணீர், கொஞ்சம் பிரக்டோஸ் சர்க்கரை, கொஞ்சம் புரதம், துத்தநாகம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவு ஆகும் என்றாலும், உற்பத்தி ஒரு நாளும் நிற்பதில்லை. வெளியேறாமல் தங்கியதை உடலே உறிஞ்சிக்கொள்ளும், அல்லது தூக்கத்தில் வெளியேற்றும். சேமித்து வைத்தால் பெருகுகிற சொத்து அல்ல அது. குழந்தையின்மைக்காக விந்துப் பரிசோதனைக்குப் போகிறவரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு கேட்பது, இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி மட்டுமே.

முகப்பருவும் ஒட்டிய கன்னமும் இந்தப் பயத்துக்குள் எப்படி வந்தன? பதின்ம வயதில் சுரக்கும் ஆண் இயக்குநீர்தான் பருவைக் கொண்டுவருகிறது. சட்டென்று உயரம் வளர்ந்து உடல் ஒல்லியாகத் தெரிவதும் அந்த வயதில்தான். சுய இன்பம் தொடங்குவதும் அப்போதுதான். ஒரே சமயத்தில் வந்த இரண்டை ஒன்றுக்கொன்று காரணமாக்கிவிட்டார்கள்.

இது நம் ஊரில் மட்டும் பிறந்த வியாபாரமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ‘ஓனானியா’ என்றொரு சிறு நூல், எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. சுய இன்பம் பாவம், அதனால் கொடிய நோய்கள் வரும் என்று அது மிரட்டியது. கூடவே, அந்த நோய்களைத் தீர்க்கும் மருந்தும் பொடியும் எங்கே கிடைக்கும் என்ற விவரமும் அதில் இருந்தது. 1760இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ அதே பயத்துக்கு மருத்துவ முத்திரை குத்தினார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பியப் பிள்ளைகள் அந்த முத்திரையின் கீழ் வதைபட்டார்கள். 1948இலும் 1953இலும் ஆல்பிரட் கின்சி அமெரிக்காவில் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்புகளில் ஆண்களில் 92 சதவீதம் பேரும் பெண்களில் 62 சதவீதம் பேரும் சுய இன்பம் அனுபவித்ததாகச் சொன்னார்கள். அது நோயென்றால் ஊரே நோயாளி. அப்படியும் 1994இல் அமெரிக்காவின் தலைமைப் பொது சுகாதார அதிகாரி ஜாய்ஸ்லின் எல்டர்ஸ், பாலியல் கல்வியில் இதைப் பற்றியும் பேசலாம் என்ற பொருளில் பதில் சொன்னதற்காகப் பதவி இழந்தார்.

நன்மை உண்டா என்றால், உண்டு. அளவோடு சொல்ல வேண்டிய நன்மைகள். உச்சத்தின்போது உடலில் ஆக்ஸிடோசின், எண்டார்பின் சுரக்கின்றன. அதன் பிறகு புரோலாக்டின் கூடுகிறது. இறுக்கம் தளர்ந்து கண் சொக்குவது பலருக்கும் தெரிந்த அனுபவம். பெண்களுக்கு வலியைத் தாங்கும் எல்லை அந்த நேரத்தில் கணிசமாக உயர்கிறது, ஆனால் தொடு உணர்வு மங்குவதில்லை என்று பெவர்லி விப்பிளும் பேரி கோமிசாரக்கும் 1985இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார்கள். மாதவிடாய் வலி இதனால் குறைவதாகப் பல பெண்கள் சொல்வது வெறும் கற்பனை அல்ல.

ஆண்களைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க ஆய்வு 2016இல் வெளிவந்தது. சுமார் 32,000 ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மாதம் 21 முறையோ அதற்கு மேலோ விந்து வெளியேற்றியவர்களுக்கு, 4 முதல் 7 முறை வெளியேற்றியவர்களைவிட புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. உடலுறவு, சுய இன்பம், தூக்கத்தில் வெளியேறுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பு இருப்பதைக் காட்டியது. எனவே இதை மருந்துச்சீட்டாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விந்து போனால் உயிர் போகும் என்ற மிரட்டலுக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

தனியாகச் செய்வதில் கர்ப்பமும் இல்லை, இன்னொருவரிடமிருந்து பால்வினை நோய் தொற்றும் வழியும் இல்லை. விந்து முந்துதலுக்கும், உச்சமே அறியாத பெண்களுக்கும் பாலியல் மருத்துவர்கள் தரும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. தன் உடலுக்கு எது இதம் என்று தெரிந்த பெண் அதைத் துணையிடம் சொல்லவும் முடியும். கரூர் வழக்கைப் போல இதைக் குற்றச்சாட்டாக எழுதும் வீடுகளில், அந்தப் பேச்சு தொடங்குவதே இல்லை.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முரட்டுத்தனமும் அதிக இறுக்கமும் பழகிவிட்டால் துணையுடன் உணர்ச்சி குறையலாம். சிறுநீர்த் துளையிலோ ஆசனவாயிலோ பொருட்களை நுழைத்து, வெட்கத்தால் நாள் கடத்தி, சீழ் பிடித்த பிறகு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை, படிப்பு, உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியவில்லை, மாதக் கணக்கில் இதே நிலை என்றால் அது சிகிச்சை வேண்டிய பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11 இதைக் ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை’ என்று வகைப்படுத்துகிறது. அதே பட்டியல், தப்பு செய்கிறோமே என்ற மன உறுத்தல் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது என்றும் சேர்த்தே சொல்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து லாட்ஜ் அறையில் இருக்கிறது. விறைப்புக் குறைபாடு பல நேரம் சர்க்கரை நோயின், ரத்தக் குழாய் அடைப்பின் முதல் எச்சரிக்கை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஆறு மாதம் லேகியம் தின்றுகொண்டிருந்தால், ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டிருக்க வேண்டிய சர்க்கரையும் மாரடைப்பு அபாயமும் ஆறு மாதம் முற்றிப்போகும். ‘மூலிகை’ என்று விற்கும் சில பொட்டலங்களில் சில்டெனாபில் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. தரம் பார்க்காத பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சட்டம் இங்கே மக்கள் பக்கம் நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டப்படி, பாலியல் ஆற்றலைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஏமாந்தவர் விளம்பரத்தைப் படம் எடுத்து, பொட்டலத்தையும் பணம் செலுத்திய ரசீதையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கும். கேட்டுப் பார்க்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்தரங்க உரிமைக்கும் எல்லை உண்டு. பொது இடத்தில் செய்வதும், விரும்பாதவருக்குக் காட்டுவதும் குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆபாசப் படங்களைச் செல்போனில் சேமித்து வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின் கீழ் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில், சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இன்னொரு வலை வீடியோ அழைப்பில் வருகிறது. முகம் தெரியாத ஒரு பெண் அழைப்பார், ஆடை களைவார், எதிரே இருப்பவரையும் களையச் சொல்வார். அடுத்த சில நிமிடங்களில் பதிவான வீடியோவும், ‘பணம் போடு, இல்லாவிட்டால் உன் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன்’ என்ற மிரட்டலும் வரும். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த எண்ணைத் தடுத்துவிட்டு, உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். மிரட்டுகிறவர்தான் குற்றவாளி. சிக்கியவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜய் டிவியில் ‘புதிரா? புனிதமா?’ நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம், மருத்துவர் ஷர்மிளாவுடன் உட்கார்ந்து, நேயர்களின் இந்தக் கேள்விகளுக்கு நல்ல தமிழில் பதில் சொன்னார். மாத்ருபூதம் மறைந்த பிறகு அந்த இடத்தைப் பெரும்பாலும் லேகிய வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். பள்ளியில் சொல்லித் தருவதில்லை, வீட்டில் பேசுவதில்லை. பையனுக்கு மிஞ்சுவது கழிப்பறைச் சுவர். பெண்ணுக்கு அதுவும் இல்லை.

பயத்தில் தூக்கம் போனவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. விறைப்பில் சிக்கல், விந்தில் ரத்தம், நீடித்த வலி இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவுக்கும், மனக்கவலை என்றால் மனநலப் பிரிவுக்கும் போகலாம். பெண்கள் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவில் கேட்கலாம். நோயாளி சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவருக்கு விதி. மனநலச் சிகிச்சையில் அது 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அடுத்த மாதம் லாட்ஜுக்குப் போகலாம் என்று தேதியைக் குறித்து வைத்திருக்கும் தம்பி, அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நாளைக் காலை அரசு மருத்துவமனையில் ஒரு ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.