குளிர்காலத்தில் மின்சாரக் கார்

மின்சாரக் கார் என்பது பெட்ரோல், டீசல் இயந்திரத்துக்குப் பதிலாக, மின்கலத்தில் (பேட்டரியில்) சேமித்த மின்சாரத்தைக் கொண்டு மோட்டாரால் ஓடும் ஊர்தியாகும். குளிர்காலத்தில் இக்கார்கள் ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தொலைவு குறைகிறது. சார்ஜ் ஏறும் நேரமும் கூடுகிறது. நோர்வே, கனடா போன்ற நாடுகளில் இது ஆண்டுதோறும் நேரும் அன்றாட அனுபவம். தமிழ்நாட்டின் சமவெளியில் நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது. இங்கு மார்கழி, தை மாதங்களே மின்சாரக் காருக்கு உகந்த பருவம். இந்த வேறுபாட்டை அறியாமல், குளிர்நாட்டு அனுபவத்தைக் கேட்டு வாங்கத் தயங்குவோரும் உண்டு. வெப்பநாட்டுப் பழக்கத்தோடு குளிர்நாட்டுக்குச் சென்று நடுவழியில் சிக்குவோரும் உண்டு. குளிர் காரை எப்படிப் பாதிக்கிறது என்பதையும், கடலூர் மாவட்டம் வேப்பூர் வழியாகச் செல்லும் ஒரு பயணத்தில் அதன் அளவு என்ன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மின்கலத்தில் குளிர் செய்யும் வேலை

இன்றைய கார்களில் உள்ளவை லித்தியம் அயனி மின்கலங்கள். இவற்றை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்மின்கலத்தில் லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றொன்றுக்கு மின்பகு திரவத்தின் வழியே நகர்கின்றன. குளிர் கூடும்போது அத்திரவம் தடித்து, அயனிகளின் நகர்ச்சி மந்தமாகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து புட்டியிலிருந்து வர மறுப்பதை ஒரு தோராயமான ஒப்புமையாகக் கொள்ளலாம். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. வெளியே வருவதுதான் கடினமாகிறது. அதுபோலவே மின்கலத்தின் உள்தடை கூடி, சேமித்த ஆற்றலின் ஒரு பகுதி உள்ளேயே வெப்பமாக வீணாகிறது. மின்கலம் சூடானதும் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

சார்ஜ் செய்வது இதைவிடச் சிக்கலானது. உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், அயனிகள் கிராஃபைட் மின்வாய்க்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோக லித்தியமாகப் படிந்துவிடும். இப்படிவு மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். உட்குறுக்குச் சுற்றுக்கும் வழிவகுக்கலாம். எனவே காரின் மின்கல மேலாண்மைக் கணினி, குளிரில் சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துவிடுகிறது. நியூயார்க் நகரின் மின்சார டாக்ஸிகளின் தரவைக் கொண்டு அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 25 டிகிரி செல்சியஸில் ஏறும் சார்ஜை விட 0 டிகிரியில் அதே நேரத்தில் 36 விழுக்காடு குறைவாகவே ஏறியது.

மின்கலத்தின் வகையும் முக்கியம். இந்தியாவில் பரவலாக உள்ள லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் வகை, நிக்கல் கலந்த வகையைவிட வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் கடுங்குளிரில் கூடுதலாகத் தளரும். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்சான் மின்சாரக் காரில் இருப்பது இவ்வகையே.

காருக்குள் வெப்பம்: பெரிய செலவு

தொலைவு குறைவதற்கு மின்கலம் மட்டும் காரணமன்று. உள்ளே இருப்பவர்களுக்குக் கதகதப்பூட்டுவதே பெருஞ்செலவு. பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே ஓட்டத்துக்குப் பயன்படுத்துகிறது. மீதியெல்லாம் வெப்பம். அந்த வீண் வெப்பத்தில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிவிட்டாலே காரின் உட்புறம் சூடாகிவிடும். மின்மோட்டார் மிகக் குறைவாகவே வெப்பத்தை வீணாக்குகிறது. அந்தச் சிக்கனமே குளிரில் குறையாகிறது. ஓட்டத்துக்கென வைத்திருக்கும் மின்சாரத்திலிருந்துதான் உள்வெப்பத்துக்கும் எடுக்கவேண்டும்.

இதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று பீங்கான் வெப்பமூட்டி. இதிலுள்ள பேரியம் டைட்டனேட் பீங்கான், குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் தன் மின்தடையைத் திடீரென உயர்த்திக்கொள்ளும். அதனால் தானாகவே மின்னோட்டம் குறைந்து, அளவுக்கு மீறிச் சூடேறுவதில்லை. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்தூர்க்காரர்களுக்கு இது சுவையான செய்தி: பீங்கான் என்றால் பொம்மையும் கோப்பையும் மட்டுமல்ல, பனிநாட்டுக் காரைச் சூடாக்குவதும் அதுவே. மற்றொன்று வெப்ப ஏற்றி. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப்போட்டது போல, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவது இது. மிதமான குளிரில், செலவிடும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் அளவு வெப்பத்தைத் தரும். கடுங்குளிரில் அந்த ஆதாயம் சுருங்கும்.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019இல் வெளியிட்ட சோதனையில் இது தெளிவாயிற்று. ஏறத்தாழ −7 டிகிரியில், வெப்பமூட்டியை அணைத்து ஓட்டினால் தொலைவு சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. வெப்பமூட்டியை இயக்கியபோது 41 விழுக்காடு குறைந்தது. அதே சோதனையில் 35 டிகிரி வெயிலில் ஏசியுடன் ஓட்டியபோது குறைவு 17 விழுக்காடு.

வேறு காரணங்களும் சேர்கின்றன. −20 டிகிரியில் காற்று, 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு அடர்த்தி மிக்கது. அதைக் கிழித்துச் செல்லக் கூடுதல் ஆற்றல் வேண்டும். டயரின் காற்றழுத்தம் சுமார் 5 டிகிரி குறைவுக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் இறங்கும். சாலையிலுள்ள பனியும் உருளலைத் தடுக்கும்.

குளிர்நாட்டில் அன்றாட அனுபவம்

நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு முழு மின்சாரக் கார்கள். 1980களில் வடநோர்வேயின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற ஈழத்தமிழரும் அவர்தம் பிள்ளைகளும் இன்று அந்நாட்டின் நகரங்களில் வாழ்கிறார்கள். அங்கே மின்சாரக் கார் புதுமையன்று, வீட்டுப் பொருள். அந்நாட்டின் வாகன ஓட்டிகள் சங்கம் 2020இல் 20 கார்களைக் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்தபோது, அறிவிக்கப்பட்ட தொலைவில் சராசரியாக 18.5 விழுக்காடு குறைந்தது. காருக்குக் கார் வேறுபாடும் பெரிதாக இருந்தது.

அங்குள்ளவர்களின் காலை வேலை, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்குகிறது. கார் வீட்டுச் சார்ஜரில் இணைந்திருக்கும்போதே கைப்பேசிச் செயலியால் உட்புறத்தையும் மின்கலத்தையும் சூடாக்கிவிடுவர். இதற்கான மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்து வருவதால் மின்கலம் நிறைந்தபடியே புறப்படலாம். வண்டியில் ஏறியபின் காற்று முழுவதையும் சூடாக்குவதற்குப் பதில் இருக்கை வெப்பத்தையும் ஸ்டியரிங் வெப்பத்தையும் பயன்படுத்துவர். இவை உடலை நேரே சூடாக்குவதால் மிகக் குறைந்த மின்சாரமே போதும்.

முதல் சில கிலோமீட்டர்களில் இன்னொரு மாற்றமும் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கார் வழக்கம்போல இழுத்துப் பிடிக்காது. குளிர்ந்த மின்கலம் சார்ஜை ஏற்காததால், வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தைத் திரும்பப்பெறும் வசதியைக் கணினி கட்டுப்படுத்தியிருக்கும். பிரேக்கைக் கூடுதலாக மிதிக்கவேண்டும். இதை அறியாதவர் பனிச்சாலையில் தடுமாற நேரும்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடுங்குளிர் வந்தபோது, பொதுச் சார்ஜ் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. சில கார்கள் வரிசையிலேயே சார்ஜ் தீர்ந்து நின்றுபோயின. அதைவிடக் குளிரான வடநோர்வேயில் கார்கள் ஓடும்போது இங்கு ஏன் நின்றன? வீட்டில் சார்ஜ் வசதியில்லாதவர்கள் கூடுதலாக இருந்ததும், மின்கலத்தை முன்கூட்டிச் சூடாக்காமல் வந்ததும், அதனால் ஒவ்வொரு காரும் நிலையத்தை நெடுநேரம் பிடித்துக்கொண்டதும் காரணங்களாகக் கூறப்பட்டன. குளிரைவிட ஆயத்தமின்மையே கார்களை நிறுத்தியது எனலாம்.

ஒரு கணக்கு: வேப்பூர் வழியே

வேப்பூர், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் சந்திக்கும் ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்றது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 220 கி.மீ. தொலைவில் இருப்பதால், ஒரு நடுத்தர மின்சாரக் காரின் தாங்குதிறனைச் சோதிக்க இது நல்ல எல்லை.

எடுத்துக்காட்டாக, 40 யூனிட் கொள்ளும் மின்கலமும், கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் செலவும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். (வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான் இது.) உகந்த நிலையில் அது ஏறத்தாழ 265 கி.மீ. ஓடும்.

மார்கழி விடியலில் வேப்பூர்ப் பகுதியில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பமூட்டி தேவையில்லை. கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க ஏசியை மெல்ல ஓட்டினால் மணிக்கு அரை யூனிட் என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 0.008 யூனிட்தான். தொலைவு 253 கி.மீ. வரும். கார் வேப்பூரைத் தாண்டும்.

அதே கார் −10 டிகிரியில் ஓடுவதாகக் கொள்வோம். காற்று, டயர், மின்கல இழப்புகளால் ஓட்டச் செலவு 0.18 யூனிட் ஆகிறது. வெப்பமூட்டி மணிக்கு 3 யூனிட் எடுத்தால், அதே வேகத்தில் கிலோமீட்டருக்கு 0.05 யூனிட் சேரும். மொத்தம் 0.23. தொலைவு 174 கி.மீ. மட்டுமே. சென்னையில் புறப்பட்டால் விழுப்புரத்தைத் தாண்டியதும் நின்றுவிடும்.

இக்கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. வெப்பமூட்டி கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறது. நெரிசலில் மணிக்கு 30 கி.மீ. சென்றால் அதன் பங்கு கிலோமீட்டருக்கு 0.10 யூனிட்டாக இரட்டிக்கும். குளிர்நாட்டில் நகருக்குள் குறுந்தொலைவு ஓட்டங்களில் மின்சாரம் கூடுதலாகச் செலவாவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியவை

லித்தியம் மின்கலத்துக்கு 20 முதல் 30 டிகிரி வரை உகந்த நிலை. ஆகவே சமவெளியில் மார்கழியும் தையும் மின்சாரக் காருக்குச் சிறந்த மாதங்கள். இங்கு அதன் உண்மையான எதிரி கோடை. குளிரால் வரும் குறை தற்காலிகமானது. நீடித்த வெப்பமோ மின்கலத்தை நிரந்தரமாக முதுமையாக்கும். முழுச் சார்ஜுடன் கத்திரி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவைப்பது நல்லதன்று.

உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும். அங்கு இரவு தங்குவோர், இரவில் வந்து சேர்ந்தவுடன் மின்கலம் சூடாக இருக்கும்போதே சார்ஜைத் தொடங்குவது நன்று. ஆனால் முழுதாக நிரப்ப வேண்டாம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். 1,700 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். உராய்வுக்கும் காற்றுக்கும் போக மீதியில் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்பும். மின்கலம் நிறைந்தோ மிகவும் குளிர்ந்தோ இருந்தால் அதை ஏற்க இடமிராது. சுமை முழுதும் பிரேக்கின் மேல் விழும்.

சமவெளியில் குளிர்காலத்தின் பேரிடர் மழையே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணை வெள்ளம் இதே திருச்சி நெடுஞ்சாலையில் பாய்ந்து போக்குவரத்தைத் தடுத்தது. பல கார்களின் மின்கலப் பெட்டி ஐபி67 தரத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் நீர் புகாது என்பதே அதன் பொருள். அது பெட்டிக்கான சோதனை. ஓடும் வெள்ளத்தில் காரை இறக்குவதற்கான அனுமதியன்று. நீரில் மூழ்கிய மின்சாரக் காரை இயக்கிப் பார்க்கவும் சார்ஜரில் இணைக்கவும் கூடாது. பணிமனையில் சோதித்த பின்பே தொடவேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

பனியில் சிக்கினால் மின்சாரக் காரில் உறைந்துவிடுவோம் என்பது பரவலான அச்சம். அசையாமல் நிற்கும் காருக்கு வெப்பமூட்டி மட்டுமே செலவு. பாதி சார்ஜில் 20 யூனிட் இருந்து, மணிக்கு 2 யூனிட் செலவானால் பத்து மணி நேரம் தாங்கும். புகைபோக்கி பனியில் அடைபட்டு நச்சுப்புகை உள்ளே வரும் ஆபத்தும் இல்லை. கால் பங்குக்குக் கீழே சார்ஜ் இறங்கிய நிலையில் பனிப்பயணம் தொடங்குவதே உண்மையான ஆபத்து.

கார் காலையில் உயிர்பெறவில்லை என்றால் பெரிய மின்கலமே கெட்டுவிட்டது என்று நினைப்பதும் தவறு. விளக்கு, கதவுப்பூட்டு, கணினி ஆகியவற்றை இயக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் உண்டு. குளிரில் முதலில் தளர்வது பல நேரங்களில் அதுவே. அதை மாற்றுவது சிறு செலவு.

மின்சாரக் கார் வாங்க எண்ணுவோர் விளம்பரத்திலுள்ள தொலைவை அப்படியே நம்பாமல், தம் ஊரின் மிகக் கடினமான மாதத்தில் அது எவ்வளவு ஓடும் என்று கேட்கவேண்டும். ஆஸ்லோவில் அந்த மாதம் ஜனவரி. வேப்பூரில் அது மே.