நடுப்பெயரில் ஒரு ழகரம்

மும்பையில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் பெயர், நடுவில் தகப்பனார் அல்லது கணவர் பெயர், கடைசியில் 'ஆட்நாவ்'. குடும்பப் பெயருக்கு மராத்தியில் அப்படிச் சொல்வார்கள். ஊருக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து, பிறகு தன் பெயர் ஒன்றே ஒன்று என்று ரயிலேறி வந்து தாதரில் இறங்கிய நம்மவர்களை இந்த மூன்று கட்டங்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாதுங்காவில் குடியேறிய அய்யர்கள் கடைசிக் கட்டத்தில் அய்யர் என்று எழுதிவிட்டுக் கவலையற்றுப் போனார்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடத் தீர்மானம் போட்ட பிறகு, பட்டமே இல்லாமல் வளர்ந்த குடும்பங்களும் நம்மில் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் தாராவியிலோ செம்பூரிலோ பள்ளிக்கூடக் குமாஸ்தாவின் முன் நின்றபோது, மூன்றாவது கட்டத்தில் தாத்தாவின் பெயரைப் போட்டு நிரப்பினார்கள். என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது நாங்களும் அதையேதான் செய்தோம்.

இப்போது கட்டம் நான்காகிவிட்டது. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையை மகாராஷ்டிர அரசு கொண்டுவந்திருக்கிறது. பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு கட்டம் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று. என் பேரன் இந்த நான்கு கட்டக் காலத்துக் குழந்தை.

முதற்பெயரை அவன் அப்பாவும் அம்மாவும் வைத்துக்கொண்டார்கள். அதில் தாத்தாவுக்கு வேலையில்லை. அதோடு ஒட்டி இரண்டாவதாக வரும் பெயர்தான் எங்கள் குடும்பத்தின் பங்கு. எங்கள் பூர்விகம் மதுரைப் பக்கம். தலைமுறைக்கு ஒருவருக்காவது அழகர் பெயர் இருக்கும். மதுரையிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி மலையடிவாரத்தில் இருக்கிற கள்ளழகர், சித்திரா பௌர்ணமிக்கு வைகையில் இறங்குவதை ஒருமுறை தகப்பனார் தோளில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று இருந்ததால், பேரனுக்குப் பாட்டன் பெயரை வைத்துவிட்டு, வீட்டில் ராசா, துரை என்று வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். அதாவது குடும்பப் பெயர் எங்கள் பக்கத்தில் வாயில் வாழ்ந்ததைவிடக் காகிதத்தில் வாழ்ந்ததே அதிகம். காகிதம் என்று வந்துவிட்டால் எழுத்துக் கேள்வி வந்துவிடுகிறது.

அழகரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

மதுரையிலிருக்கும் என் அண்ணனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. "இசட்-எச் போடு. ழ-வுக்கு அதுதான். எல் போட்டா அவன் அலகர்னுதானே படிப்பான்?" என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் இப்போது பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். மலையாளிகளும் கோழிக்கோடு, ஆலப்புழை எல்லாவற்றுக்கும் அதே இரட்டை எழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மருமகள்தான் தடுத்தாள். அவள் தாராவியில் பிறந்து, மாதுங்காவில் படித்தவள். மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மாமா, இசட்-எச் போட்டா இங்க எல்லாரும் ஜ-ன்னுதான் படிப்பாங்க. அஜகர்னு வரும். அதை அஜ்கர்னு சொல்வாங்க. அஜ்கர்னா என்ன தெரியுமில்ல?"

தெரியும். மராத்தியிலும் இந்தியிலும் அஜ்கர் என்றால் மலைப்பாம்பு. கோழிக்கோட்டை 'கோஜிகோட்' என்று படிக்கும் ஊரில் இது நடக்காது என்று சொல்ல முடியுமா? வகுப்பில் ஆசிரியை முதல் நாள் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது என் பேரன் மலைப்பாம்பாகிவிடுவான். பத்தாம் வகுப்பு வரை அந்தப் பெயர் போகாது. பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் கருணை கிடையாது.

தாராவியிலிருந்து வந்திருந்த சம்பந்தி, திருநெல்வேலிக் குசும்பு குறையாதவர். "எல் போட்டா மட்டும் சும்மா விடுவானுவளா? 'அலக் கர்'னு சேர்த்துப் படிச்சா தனிக்குடித்தனம்னுல்லா அர்த்தம்!" என்றார். இந்தியில் அலக் என்றால் தனி, வீட்டுக்கான 'கர்' கொஞ்சம் அழுத்தி ஒலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். அந்த அர்த்தத்தைக் கேட்டு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அண்ணனிடம் நான் சொன்ன வாதம் வேறு. ஐயா, நம் மொழியின் பெயரையே ஆங்கிலத்தில் எல் போட்டுத்தானே எழுதுகிறோம்? அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலும் எல்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல் எழுத்தைத்தான் பயன்படுத்தியது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்குமே, வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் முதல் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் போய்விடும். மீதி 39-இல்தான் முழுப்பெயரும் அடங்க வேண்டும். அங்கே இருபத்தாறு எழுத்துக்கு மேல் கோடும் புள்ளியும் செல்லாது. அகராதியின் அடிக்கோடு அங்கே உதிர்ந்து வெறும் எல் ஆகிவிடும். அண்ணன் கேட்டுவிட்டு, "அதனாலதான் டெல்லிக்காரன் இன்னும் தமில்ங்கிறான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் பூட்டி வைக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவு. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப் பெயர்களை உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுத ஆணை வெளியிட்டது நினைவிருக்கலாம். கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் எழுத்துகள் கூடிக்கொண்டே போய், உள்ளூர்க்காரருக்கே அடையாளம் தெரியவில்லை. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆங்கில எழுத்து ஒலியைச் சொல்வது இரண்டாம் பட்சம். ஆளை அடையாளம் காட்டுவதுதான் அதன் முதல் வேலை. ரயில்வேயில் பெட்டிக்கு எண் எழுதுவது போல. எண் அழகாக இருக்கவேண்டியதில்லை, எல்லாப் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மனைவியின் பெயரில் ஒரு 'த' உண்டு. நம் வழக்கப்படி டி-எச் போட்டு எழுதி, என் ஓய்வூதிய ஆணையிலும் அப்படியே பதிவாகியிருந்தது. டகரத்துக்கு வெறும் டி-யை ஒதுக்கிவிட்டதால் நாம் தகரத்துக்கு எச் சேர்க்கிறோம். இங்குள்ளவர்களுக்கு டி-எச் என்றால் மூச்சுவிட்டுச் சொல்லும் வேறோர் எழுத்து. ஆகவே ஒரு வங்கிக் கிளையில் எங்கள் கூட்டுக் கணக்கைத் திறந்த குமாஸ்தா, தன் காதுக்குக் கேட்டபடி எச்சை எடுத்துவிட்டு எழுதினார். நான் 2018-இல் ஓய்வு பெற்றபோது, இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க முத்திரைத்தாள், நோட்டரி, பிரமாணப் பத்திரம் என்று நான்கு மாதம் அலைந்தோம். எனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டியவள் அவள். அந்த ஓர் எச்சுக்காக அவளைத் தனியே அலையவிட எனக்கு மனமில்லை.

இளம் பெற்றோர்களாக இருக்கும் நம் சங்க அன்பர்களுக்காகச் சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரை அப்போதே சொல்லியாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிவு செய்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மாநகராட்சி வார்டு அலுவலகம் செம்பூருக்கு எம் மேற்கு, மாதுங்காவுக்கு எஃப் வடக்கு, தாராவிக்கு ஜி வடக்கு. மருத்துவமனையில் தாதி படிவத்தை நீட்டும்போது அவசரத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். பிழை பதிவாகிவிட்டால், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுவார்கள். வரைபடத்தில் நாங்கள் திருத்தம் போடுவது போலத்தான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆதாரிலோ பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றவிடுவார்கள். ஒற்றைப் பெயரோடு வளைகுடா போகலாம் என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ள பயணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்ததில் நம்மவர் பலர் தவித்துப்போனார்கள்.

எங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். சட்டென்று எனக்குத் தோன்றியது சயான் ரயில் நிலையப் பலகை. ஆங்கிலத்தில் சயான் என்று இருக்கும். மராத்தியில் 'ஷீவ்' என்று இருக்கும். எல்லை என்று பொருள். ஒரே பலகை, ஒரே நிலையம், ஒன்றின் ஒலி மற்றதில் இல்லை. அதனால் இதுவரை யாரும் ரயிலைத் தவறவிட்டதில்லை. நம் ஊர் பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான், மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகிறது. ஆங்கிலத்துக்கு ஒலியைச் சுமக்க வலுவில்லை என்றால் விட்டுவிடுவோம், மராத்தி வரியில் பார்ப்போமே.

மராத்தியில் ழ கிடையாது. ஆனால் ள உண்டு. இந்திக்காரர் 'தமில்' என்று எழுதும்போது மராத்திக்காரர் 'தமிள்' என்றுதான் எழுதுகிறார். ஆக, மராத்தி வரியில் 'அளகர்'. மருமகள் எழுதிக் காட்டினாள். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளைப் படிக்கச் சொன்னோம். நடு அகரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு, நாக்கை நன்றாக மடக்கிப் படித்தார்.

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் தகப்பனார் ழகரம் சொல்லிக் கேட்டதே இல்லை. வாழைப்பழம் அவருக்கு 'வாளப்பளம்'தான். வைகைக் கரையில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் காட்டியது 'அளகரு'. நாங்கள் இரண்டு ஆங்கில எழுத்துக்காக அடித்துக்கொண்டிருந்த ஒலி, எங்கள் வீட்டில் யார் வாயிலும் இருந்ததில்லை. அவர் வாயில் இருந்த ஒலியை ஒரு மராத்தி அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

ஆங்கிலத்தில் எல் போட்டு ஆறெழுத்து, மராத்தியில் ள என்று எழுதி, வார்டு அலுவலகத்தில் கொடுத்தோம். சான்றிதழ் வந்ததும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்கு இந்தி எழுத்து தெரியும். அரை மணி கழித்துக் கூப்பிட்டார்.

"அப்பா மாதிரியே எழுதியிருக்கான்யா" என்றார். பிறகு, "எதிர்சேவைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வா, ழ-வை நான் சொல்லித்தர்றேன்."